ஏழு உத்திகளும் ஒரு பூசணிக்காயும்: வகுப்பறையில் ஆறு ஆண்டுகள்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட எங்கள் பள்ளிக்குச் செவிலியர்கள் வந்த அன்று, என் ஒன்பதாம் வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலி. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர் வரை எல்லாருக்கும் போடும் ஊசி அது. அதற்கு முந்தைய வாரமே வாட்ஸ்அப் செய்தி ஒன்று ஊரைச் சுற்றி முடித்திருந்தது. மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்டால், “அப்பா போனில் வந்தது சார்” என்பதுதான் பதில். அந்தச் செய்தியை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டு, “இதில் எந்த வரி உங்கள் வீட்டைப் பயமுறுத்தியது?” என்று கேட்டேன். அதில் தொடங்கியதுதான் பிரச்சார உத்திகளைக் கண்டுபிடிக்கும் இந்தப் பயிற்சி. கொரோனா தின்ற நாட்களைக் கழித்தால் ஆறு கல்வியாண்டுகள் ஆகின்றன.

நான் எடுத்துக்கொண்ட கருவி பழையது. 1937-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம்’ பிரச்சாரம் ஆட்களை வசப்படுத்தும் ஏழு உத்திகளைப் பள்ளிகளுக்கெனப் பட்டியலிட்டது. அமெரிக்கா உலகப்போரில் இறங்கிய பின் 1942-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பட்டியல் மட்டும் இன்றுவரை பாடப்புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது. செலவென்று பார்த்தால் பழைய செய்தித்தாள், பசை, நான்கு சார்ட் தாள், அவ்வளவுதான்.

முதல் தடங்கல் சொல்லிலேயே வந்தது. நம் ஊரில் ‘பிரச்சாரம்’ கெட்ட வார்த்தை இல்லை. ‘பிரச்சார பீரங்கி’ என்று கட்சிக்காரர்கள் பெருமையாகச் சுவரொட்டி அடிப்பார்கள். பிரச்சாரத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்றதும் ஒரு பையன் எழுந்து, “எங்கள் மாமா அதைத்தான் செய்கிறார் சார், சொந்த ஜீப் வைத்திருக்கிறார்” என்றான். உத்திகளின் பெயர்களும் அப்படித்தான். ஆங்கிலப் பெயர்களை மொழிபெயர்த்து ஓராண்டை வீணாக்கினேன். ‘பேண்ட்வேகன்’ என்பதை ‘இசைக்குழு வண்டி’ என்றால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? அடுத்த ஆண்டு பெயர் வைக்கும் வேலையை அவர்களிடமே விட்டேன். எதிராளியை ஒரே சொல்லால் ஒழிப்பது ‘பட்டம் கட்டுதல்’. எல்லாரும் செய்கிறார்கள், நீயும் செய் என்பது ‘ஊரோடு ஒத்து ஓடு’. தலைவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’. கேட்க இனிப்பாக இருந்து எதையும் தெளிவாகச் சொல்லாத மினுக்குச் சொல், சாட்சிக்கு ஆள் பிடித்தல், கொடியிலும் சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளுதல் என்று மற்றவையும் வந்தன. சாதகமானதை மட்டும் அடுக்கி மீதியை விழுங்கிவிடும் ஏழாவது உத்திக்குப் ‘பூசணிக்காய்’ என்று பெயர் வைத்தார்கள், சோற்றில் மறைக்கிறார்களே, அதனால்.

முதல் ஒரு மாதம் கருவி பிரமாதமாக வேலை செய்யும். தலையங்கம், விளம்பரம், துண்டறிக்கை எதைக் கொடுத்தாலும் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு வருவார்கள். சாட்சிக்கு ஆள் பிடிப்பதற்கு நான் எப்போதும் காட்டுவது 1946-இல் வந்த ஒட்டக மார்க் சிகரெட் விளம்பரம்: மற்றெந்த சிகரெட்டையும்விட இதைத்தான் அதிக மருத்துவர்கள் புகைக்கிறார்களாம். வகுப்பே சிரிக்கும். தேர்தல் காலத்தில் நடப்புக் கட்சிகளின் துண்டறிக்கையை உள்ளே விடுவதில்லை என்பதால், இப்படிப் பழைய சரக்கு கைவசம் இருப்பது நல்லது.

இரண்டாம் மாதத்தில் நோய் தெரியும். பிடிக்காத எதற்கும் ஒரு பெயரை ஒட்டிவிட்டு, ‘பொய்’ என்று முடித்துவிடுவார்கள். மதிய உணவுக்குக் கை கழுவச் சொன்ன ஆசிரியைக்கே ‘ஊரோடு ஒத்து ஓடு’ என்று பட்டம் கிடைத்தது. பிள்ளைகளை எதையும் நம்பாதவர்களாக ஆக்கிவிடும் என்று அந்த அமெரிக்க நிறுவனத்தின்மீதே அன்று குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது என்பதை நான் இரண்டாம் ஆண்டில்தான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ள வைத்தவள் ஒரு மாணவி. தடுப்பூசி வதந்தியையும் சுகாதாரத் துறையின் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, உத்திகளை எண்ணச் சொல்லியிருந்தேன். “சார், வதந்தியில் மூன்று இருக்கிறது. அறிவிப்பில் நான்கு. அப்படியானால் எது பொய்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது, தப்பித்தேன்.

உண்மையைச் சொல்கிறவரும் வசீகரமாகச் சொல்லலாம் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆறு உத்திகள் தாளில் இருப்பதைத் தேடுகின்றன. தாளில் இல்லாததைத் தேடச் சொல்வது பூசணிக்காய் ஒன்றுதான், அதற்குத் தாளைவிட்டு எழுந்து போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 10 வரலாற்று முனைவர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளநிலை மாணவர்கள் பங்கேற்றார்கள். முனைவர்களும் மாணவர்களும் இணையப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து அதன் அழகான முகப்பில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று வெளியேறி, இந்த ஆள் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். நம் பாட்டிகள் சம்பந்தம் பேசும் முறையும் இதுதானே.

மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறு உத்திகளுக்கு மூன்று வாரம், பூசணிக்காய்க்கு மீதி ஆண்டு முழுவதும் என்று மாற்றிவிட்டேன். பலன் தெரிந்தது. பஸ் நிலையச் சுவரில் ஒரு டுட்டோரியல் சுவரொட்டி: 100 சதவீதத் தேர்ச்சி. பழைய வகுப்பாக இருந்தால் ‘மினுக்குச் சொல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கும். இந்த முறை ஒரு பையன் அங்கே படித்த தன் பெரியம்மா மகனிடம் போய், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டான். சேர்ந்தவர்கள் 40 பேருக்கு மேல், டுட்டோரியல் கணக்கில் எழுதியவர்கள் 11 பேர். தேறமாட்டார்கள் என்று தோன்றியவர்களை டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்களாம். சுவரொட்டியில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

இன்னொரு பயிற்சியும் நிலைத்துவிட்டது: பிள்ளைகளே ஏமாற்று விளம்பரம் எழுதுவது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள், எந்தப் பக்கம் நிறுத்தினாலும் பேசுவார்கள். எங்கள் கிணற்று நீரை மருந்தாக விற்ற ஒரு குழு, ‘சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும்’ என்று எழுதியது. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்றேன். அன்று மாலையே அதே வாக்கியத்தோடு நான்கு துண்டறிக்கைகளைத் தெருவிலிருந்து பொறுக்கிவந்து மேசையில் வைத்தார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை, ஜனவரி வந்தால் பாதிப் பேர் நோட்டைத் திறப்பதில்லை. படிக்கவே திணறும் பிள்ளைகளுக்கு இது எட்டவும் இல்லை. அவர்களுக்கு ஒலிபெருக்கி அறிவிப்புகளை வைத்துப் பார்த்தேன், அரைகுறையாகத்தான் வந்தது. எட்டாம் வகுப்புக்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நோட்டில் இப்போது ஒரே ஒரு கட்டம்தான் கட்டாயம்: ‘இதில் இல்லாதது’. போன ஆண்டு ஒரு மாணவி எங்கள் பள்ளியின் சேர்க்கை அறிவிப்பையே ஒட்டிக்கொண்டு வந்தாள். ‘தூய்மையான சூழல்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு. கட்டத்தில், ‘பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை’ என்று எழுதியிருந்தாள். தலைமையாசிரியரிடம் காட்டினேன். படித்தார், நோட்டை மூடித் திருப்பித் தந்தார். இந்த ஆண்டு அறிவிப்பில் ‘தூய்மையான சூழல்’ இல்லை. கதவும் இன்னும் இல்லை.