ஐந்து செடிகளும் ஓர் அட்டையும்

செடி வளர்த்துப் பழக்கமே இல்லாதவர்களுக்கென்று ஓர் இணைய நர்சரி விற்கும் ஐந்து செடித் தொகுப்பை, சென்னையில் உள்ள எங்கள் அடுக்ககத்துக்காக மூன்று மாதங்களுக்கு முன் 899 ரூபாய்க்கு வாங்கினேன். அனுப்பிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேர்மண் உடையாமலும் ஈரம் காயாமலும் ஐந்தும் வந்து சேர்ந்தன. குறையெல்லாம் கூடவே வந்த பராமரிப்பு அட்டையில்தான்.

தொட்டிகளில் பெயர்ச்சீட்டு கிடையாது. அட்டையில் உள்ள சிறு படங்களோடு ஒப்பிட்டு நாமே கண்டுகொள்ள வேண்டும். அதில் 'மணி பிளான்ட்' என்று குறித்திருந்த கொடி உண்மையில் ஃபிலோடென்ட்ரான். இரண்டுக்கும் இதய வடிவ இலைதான் என்றாலும், மணி பிளான்ட்டின் காம்பைத் தடவினால் வாய்க்கால்போல் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். ஃபிலோடென்ட்ரானிலோ புதுத் தளிரை ஒரு மெல்லிய உறை மூடியிருந்து, இலை விரிந்தபின் காய்ந்து உதிரும். இரண்டுக்கும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால் இந்தப் பிழையால் சேதமில்லை.

சேதம் விளைவித்தது, 'தினமும் சிறிது நீர் விடவும்' என்று ஐந்துக்கும் பொதுவாக எழுதியிருந்த ஒற்றை வரி. ஸீஸீ செடி மண்ணுக்குள் கிழங்கில் நீரைச் சேமித்து வைப்பது. கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பருவங்களைத் தாண்டிப் பழகியது. அட்டையை நம்பி மூன்று வாரம் ஊற்றியதில் தண்டுகள் அடியில் மஞ்சளித்துச் சாய்ந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், உருளைக்கிழங்கு போலிருக்க வேண்டியவற்றில் இரண்டு கூழாகியிருந்தன. நம் ஊர் மருளுக்கு நெருங்கிய உறவான ஸ்நேக் பிளான்ட்டும் தடித்த இலைகளில் நீரை வைத்திருப்பதுதான். அதை மண் முழுக்கக் காய்ந்தபின் மட்டும் நனைக்கத் தொடங்கியதால் தப்பியது. பீஸ் லில்லியின் குணம் நேர்மாறானது: தாகம் எடுத்தால் இலைகளைத் தொங்கவிட்டுத் தானே சொல்லிவிடும், நீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்தும்விடும். பழகுவோருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. சிங்கோனியத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேல்மண் காயும்போது நீர் விட்டால் போதும், அம்புமுனை இலைகளோடு தன்பாட்டுக்கு வளர்கிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது அட்டையில் இல்லாத ஓர் எச்சரிக்கை. ஃபிலோடென்ட்ரான், சிங்கோனியம், ஸீஸீ, பெயரில் மட்டும் லில்லியான பீஸ் லில்லி ஆகிய நான்கும் சேம்புக் குடும்பத்தவை. சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையில் ஏன் அரிக்கிறதோ, அதே ஊசி வடிவ கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் இலைகளிலும் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டுக்கு இதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல.

நர்சரிக்கு எழுதினேன். ஒரே வாரத்தில், கேள்வி எதுவும் கேட்காமல், நல்ல செழிப்பான ஸீஸீ ஒன்றை இலவசமாக அனுப்பி வைத்தார்கள். பெட்டிக்குள் அதே அட்டை இருந்தது.