கரண்ட் பில்லைப் பாதியாக்கும் பெட்டி: ₹3,600 கொடுத்து நான் ஏமாந்த விவரம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வேதாளை, மரைக்காயர்பட்டினம் பக்கம் இந்த வாரம் இரண்டு இளைஞர்கள் வீடு வீடாக ஏறி, கரண்ட் பில்லைக் குறைக்கும் பெட்டி என்று ஒன்றை விற்றுக்கொண்டிருப்பதாக என் தங்கை நேற்றிரவு தொலைபேசியில் சொன்னாள். நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மீட்டர் என்று அவள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் 2023 ஜூன் மாதம் மண்டபம் ஊரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்கும் பொருந்துகின்றன. ஆகவே அன்று நான் ஏமாந்த விதத்தை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். பொய்க் கணக்கைக் காட்டி ஏமாற்றியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர்கள் காட்டிய எண் மெய்யான எண் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களுக்கான ரீடிங் எடுத்தபோது எங்கள் மின் கணக்கு அட்டையில் 612 யூனிட் ஏறியிருந்தது. கட்ட வேண்டிய தொகை ₹2,858. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு 468 யூனிட்டும் ₹1,533உம்தான் வந்திருந்தன. வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். அட்டையை வாங்கிப் பார்த்த உயரமான இளைஞர், "லைன்ல வேஸ்ட் கரண்ட் ஓடுது சார், அதையும் சேர்த்துத்தான் நீங்க பணம் கட்டிட்டு இருக்கீங்க" என்றார். மின்வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பொருள் என்றும், நாற்பது சதவீதம் வரை பில் குறையும் என்றும் சொல்லிவிட்டு, "பழைய ட்யூப்லைட் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருந்தது. பின்கட்டுத் தாழ்வாரத்தில் செம்புச் சோக் போட்ட நாலடி ட்யூப்லைட் ஒன்றை நாங்கள் மாற்றாமலே வைத்திருந்தோம். ஒரு நீட்டிப்புப் பலகையில் அந்த விளக்குக்கு இணைப்புக் கொடுத்து, ஒற்றைக் கம்பியைக் கவ்வி மீட்டருக்குள் விட்டுக் காட்டினார், 0.43 ஆம்பியர் என்று வந்தது. பக்கத்துத் துளையில், சோப்புக்கட்டி அளவே இருந்த அந்த வெள்ளைப் பெட்டியைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது, எண் 0.23க்கு இறங்கியது. கழற்றினால் 0.43, செருகினால் 0.23. மூன்று முறை செய்து காட்டிவிட்டு, நான்காம் முறை என்னையே செருகச் சொன்னார். ட்யூப்லைட் துளியும் மங்கவில்லை. என் மனைவி மட்டும், "இவ்வளவு நல்ல பொருள்னா கடையில வச்சு விக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அதற்கு நான்தான் அவர்கள் சார்பில் பதில் சொன்னேன்.

கீழே ஒன்றும் மாடியில் ஒன்றும் வேண்டும் என்று சொல்லி இரண்டு பெட்டிகளுக்கு ₹3,600 வாங்கிக்கொண்டார்கள். எந்நேரமும் செருகியே இருக்க வேண்டும், கழற்றினால் சேமிப்பு போய்விடும் என்று எச்சரித்துவிட்டும் போனார்கள்.

அடுத்த ரீடிங்கில் 481 யூனிட், ₹1,611. ஒரே தவணையில் ₹1,247 குறைந்திருந்தது. நான் அந்தப் பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் மூன்று வீட்டாரிடம் காட்டினேன். அவர்களில் இருவர் என் பேச்சை நம்பி, இளைஞர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்த கைப்பேசி எண்ணுக்கு அழைத்துப் பெட்டி வாங்கினார்கள். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது.

உண்மையை வெளியே கொண்டுவந்தவள் அடுத்த தெருவிலிருக்கும் என் தங்கை. பெட்டியின் பெருமையை அவளிடம் நான் அளந்துகொண்டிருந்தபோது தன் வீட்டு அட்டையை எடுத்து வந்து நீட்டி, "அண்ணே, நாங்க பெட்டியே வாங்கலையே. எங்களுக்கும்தான் குறைஞ்சிருக்கு" என்றாள். பார்த்தேன். 548 யூனிட்டிலிருந்து 402க்கு இறங்கியிருந்தது. பணம் ₹2,334இலிருந்து ₹1,137ஆகியிருந்தது. பெட்டி வாங்கிய எனக்கு 131 யூனிட் குறைந்தது, வாங்காத அவளுக்கு 146 யூனிட் குறைந்திருக்கிறது.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் யோசித்தபின்தான் காரணங்கள் பிடிபட்டன. தங்கை கணவர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். அவரும் அவர் மகனும் பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓயாமல் ஓடும், பள்ளி விடுமுறைப் பிள்ளைகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார்கள். ஜூன் பாதிக்குமேல் ஆண்கள் கடலுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட, ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேற்குக் காற்றும் வீசத் தொடங்க, யூனிட் தானாக இறங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. மே மாதம் மகன் குடும்பத்தோடு வந்து இருபது நாள் தங்கினான். அந்த இருபது இரவும் மாடி அறையின் ஏசி பதினெட்டில் ஓடியது. ஜூன் முதல் வாரத்தில் அவர்கள் ஊருக்குப் போனார்கள், ஏசி நின்றது, பில் இறங்கியது. கடற்கரை வீடுகளில் பில் உச்சத்துக்கு ஏறி, தானாக இறங்கப்போகிற நேரம் பார்த்து இந்த விற்பனையாளர்கள் வருகிறார்கள். அடுத்த பில் அவர்களுக்கு இலவச விளம்பரமாகிவிடுகிறது.

இதில் கட்டண முறைக்கும் பங்கு உண்டு. 468க்கும் 612க்கும் இடையே யூனிட் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. பணமோ ஏறக்குறைய இரட்டிப்பானது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு ₹2.25, அதற்குமேல் 400 வரை ₹4.50, 500 வரை ₹6. ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ அந்த ₹2.25 சலுகை பறிபோய் 101ஆம் யூனிட்டிலிருந்தே ₹4.50 கணக்காகும், 500க்கு மேற்பட்டதற்கு ₹8, 600க்கு மேற்பட்டதற்கு ₹9 என்று ஏறிக்கொண்டே போகும். 500 யூனிட்டுக்கு ₹1,725 கட்டிய குடும்பம் 501 யூனிட்டுக்கு ₹1,958 கட்ட வேண்டும். ஒரே யூனிட்டின் விலை ₹233! இறங்கும்போதும் இதே பள்ளம்தான், அதே வேகத்தில் குறையும். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்தது. அப்போதும் ஐந்நூறில் இருக்கும் பள்ளம் அப்படியேதான் இருந்தது.

பெட்டியைச் சோதிக்காமல் அதைப் பழிக்கக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு மீட்டரின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள சிறு சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் ஆனதாகப் பொருள். சில மீட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும். ஒரு ஞாயிறு காலை குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிட்டு, அவர்கள் காட்டிய அதே தாழ்வாரத்து ட்யூப்லைட்டை மட்டும் எரியவிட்டு, கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன் நின்றேன். பத்து மின்னலுக்கு 3 நிமிடம் 45 விநாடி ஆயிற்று. பெட்டியைச் செருகிவிட்டு மீண்டும் எண்ணினேன்: 3 நிமிடம் 43 விநாடி. குறைவதற்குப் பதில் இரண்டு விநாடி முன்னதாகவே வந்துவிட்டது. அது பெட்டிக்குள் எரியும் பச்சை விளக்கின் செலவாக இருக்க வேண்டும்.

பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கும்போது என் விரல் அதன் பித்தளை முனைகளில் பட்டு, முழங்கை வரை சுரீரென்று ஏறியது. இணைப்பிலிருந்து எடுத்த பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருந்தது. பேரப்பிள்ளைகள் நடமாடும் வீட்டில் தரையிலிருந்து ஓரடி உயரத்துப் பிளக்கில் இதை இரண்டு மாதம் வைத்திருந்திருக்கிறேன். எங்களுக்கு வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன் தம்பியை வரவழைத்தேன். அவர் முனைகளை ஒரு திருப்புளியால் குறுக்கே தொட்டு அடக்கிவிட்டு மூடியைத் திறந்தார். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கறுப்புக் கண்டன்சர் ஒன்று, சுண்டுவிரல் நகமளவு பலகை, இரண்டு குட்டி விளக்குகள். "ஃபேனுக்குப் போடுற கண்டன்சர்தான் சார் இது. கடையில கேட்டா நூறு ரூபாகூட வராது" என்றார்.

அப்படியானால் ஆம்பியர் பாதியாகக் குறைந்தது எப்படி என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். செம்புச் சோக், மோட்டார் போன்ற கம்பிச்சுருள் உள்ள பொருள்கள், வேலைக்கு வேண்டிய மின்சாரத்தோடு கூட, கரைக்கு வந்து அப்படியே திரும்பிப் போகும் அலையைப் போல, வந்து வந்து திரும்பும் ஒரு மின்னோட்டத்தையும் இழுக்கின்றன. கண்டன்சர் அந்த அலையைத் தன்னிடமிருந்தே கொடுத்து வாங்கிக்கொள்வதால் கம்பியில் ஓடும் ஆம்பியர் மெய்யாகவே குறைகிறது. ஆனால் வீட்டு மீட்டர் அந்த அலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வேலையில் செலவான வாட்டை மட்டுமே யூனிட்டாக எழுதுகிறது. அவர் காட்டியது ஆம்பியர், நான் பணம் கட்டுவது யூனிட்டுக்கு. தொழிற்சாலைகளில் இந்த அலைக்கும் அபராதம் உண்டென்பதால் அங்கே கண்டன்சர் வைப்பதில் பொருள் இருக்கிறது. செம்புச் சோக் போட்ட ட்யூப்லைட்டில்தான் இந்த அலை மிகுதி என்பதால் அதையே தேடிக் கேட்டிருக்கிறார்கள். எல்.இ.டி. விளக்கில் காட்டியிருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும்.

சிவப்பு விளக்கை எண்ணும் வித்தை கைவந்த பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் அப்படியே பார்த்தேன். பெட்டி வாங்கியதில் கிடைத்த ஒரே லாபம் அது. பதினைந்து ஆண்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு இரண்டு யூனிட் தின்றுகொண்டிருந்தது. கதவின் ரப்பரில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த ரப்பரை மட்டும் மாற்றினோம். மாடி ஏசியின் வெளிப்பெட்டி கடலைப் பார்த்த சுவரில் இருக்கிறது. உப்புக்காற்றில் அதன் அலுமினியத் தகடுகள் அரித்துப்போய், விரலால் தடவினால் வெள்ளை மாவாக உதிர்ந்தன. வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் கம்ப்ரஸர் இரவெல்லாம் நிற்காமல் ஓடியிருக்கிறது. ஓர் இரவுக்கு ஏழெட்டு யூனிட், இருபது இரவுக்கு நூற்றைம்பது. அந்த மே மாதத்து ஏற்றம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. இப்போது மாதமொரு முறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம், இருபத்து நான்குக்குக் கீழே வைப்பதில்லை. மின்விசிறிகளைத்தான் நான் சாதுவென்று நினைத்திருந்தேன். 75 வாட் பழைய விசிறி தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 67 யூனிட் ஆகிறது; பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் பொருத்திய 28 வாட் விசிறிக்கு அதே ஓட்டத்துக்கு 25 யூனிட் போதும். என் மனைவி இத்தனை காலம் பழி சுமந்த கிரைண்டரும் மிக்ஸியும் எண்ணிப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. அவளிடம் அதைச் சொன்னேன், பதில் வரவில்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்ற கதை சிறியது. கைப்பேசி எண் அணைந்துவிட்டது. ரசீதென்று கொடுத்த தாளில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆனால் விற்றவன் பெயரும் முகவரியும் இல்லாமல் யார்மீது வழக்குப் போடுவது? அவர்கள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் படம் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. மின்வாரிய அங்கீகாரம் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுப்பதற்கு முன்பு மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள். என் பேச்சைக் கேட்டு வாங்கிய இருவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். ஒருவர் உடனே கழற்றிவிட்டார். மற்றவர், பச்சை விளக்கு இரவில் எழுந்து நடக்க வெளிச்சமாக இருக்கிறது என்று இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறார்.

வேதாளையில் தங்கையின் சினேகிதி வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சோக் போட்ட பழைய ட்யூப்லைட் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார்களாம். அவர்கள் வீட்டில் எல்லாம் எல்.இ.டி. என்று தெரிந்ததும் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.