வெளி டிஸ்கிலிருந்து மேக் மினியை ஓட்டித் தருகிறேன் என்றவரிடம் 6,500 ரூபாயைக் கொடுத்த கதை

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து திரும்பியது முதல் மனம் ஒரு நிலையில் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் "போனால் போகிறது" என்று விட்டுவிடுவேன். கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. மதுரையில் கணினிகளையும் உதிரிப் பாகங்களையும் விற்று, பழுதும் பார்த்துத் தரும் நடுத்தரக் கடை என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள். போனது 6,500 ரூபாய், அதனுடன் பதினொரு நாள் உழைப்பு.

சிறு பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டில் ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினி ஒன்று இருக்கிறது, 2014ஆம் ஆண்டு மாதிரி. அந்த மாதிரியில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிற்பாடு கூட்டிக்கொள்ள வழியில்லை. உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய வகை 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த மாதிரிக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி இயங்குதளமான மான்டரேயை அதில் ஏற்றிய நாளிலிருந்து, காலையில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் இட்லிப் பானையை வைத்தால், இட்லி வெந்துவிடும், பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைன் திறந்திருக்காது.

உள் டிஸ்கை மாற்றலாம் என்றால், அடி மூடியைப் பெயர்த்து, நடுவில் முளை வைத்த நட்சத்திரத் தலைத் திருகுகளுக்கென்றே தனித் திருப்புளி தேடி, வைஃபை ஆன்டெனாக் கம்பி அறுந்துவிடாமல் தகட்டை எடுத்து, அதன் பிறகு பாதி இயந்திரத்தை வெளியே இழுத்தாக வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதைவிட எளிய வழி, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி ஒன்றை வெளியே செருகி, அதில் இயங்குதளத்தை ஏற்றி, கணினியை அதிலிருந்தே பூட் செய்வது, அதாவது கிளப்புவது. இந்த யோசனையில் தவறே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014 மினியில் யுஎஸ்பி 3.0 துளைகள் நான்கு இருக்கின்றன. நொடிக்கு 5 ஜிகாபிட் வரை போகும் அந்த வழியில் உண்மையான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால், உள்ளே சுழலும் தட்டைவிடப் பல மடங்கு வேகமாகவே ஓடும். யோசனை சரி, நான் போன கடைதான் சரியில்லை.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். "அக்கா, இதுக்கு எதுக்கு மெஷினைப் பிரிக்கணும்? ஒரு டெரா எஸ்எஸ்டி நம்மகிட்டயே இருக்கு. டிஸ்க் 5,300, ஓஎஸ் ஏத்திக் குடுக்க 1,200. மெஷினை வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு வந்து ஓட்டிப் பார்த்துட்டுக் காசு குடுங்க" என்றார். பெட்டியின் மேல் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் டிஸ்க் உலோக உறையோடு கையில் கனமாக இருந்தது, கேபிளின் முனை நீல நிறத்தில் இருந்தது. நீலம் என்றால் யுஎஸ்பி 3.0 என்பது எனக்குத் தெரியும். தெரிந்த அந்த அரைகுறையே என்னைக் கவிழ்த்தது.

மறுநாள் போனபோது அவர் நடத்திக் காட்டியதை இப்போது நினைத்தாலும் எரிகிறது. எந்த டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி கணினியை இயக்கினார். திரையில் இரண்டு படங்கள் வந்தன: சாம்பல் நிறத்தில் பழைய உள் டிஸ்க், பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் புதிய வெளி டிஸ்க். "டிஸ்குக்கு என்ன பேர் வைக்கட்டும்க்கா? பாப்பா பேரு சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். என் மகளின் பெயரைத் தட்டி, அதிலிருந்தே பூட் ஆகும்படி அமைத்து, கொள்ளளவு ஒரு டெராபைட் என்று காட்டும் பட்டையையும் திறந்து வைத்தார். அதற்கு மேல் நான் எதைச் சந்தேகப்படுவேன்? கணினி வெளி டிஸ்கிலிருந்து கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு டெரா என்று ஆப்பிளின் இயங்குதளமே சொல்லிற்று. அங்கேயே நின்று 6,500 ரூபாயைக் கைப்பேசியில் அனுப்பினேன். பில் கேட்டபோது, "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் கூட வரும்க்கா, உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு" என்று எனக்காகப் பரிந்து பேசி, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பரிவுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் ஓட்டியபோது பழைய டிஸ்குக்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் கேட்டேன். "புதுசா ஏத்தினா ஸ்பாட்லைட் எல்லாத்தையும் இன்டெக்ஸ் பண்ணும்க்கா, ஒரு வாரத்துல செட் ஆயிடும்" என்றார். இதில் பாதி உண்மை. புதிதாக நிறுவிய மேக், கோப்புகளுக்குத் தேடல் அட்டவணை தயாரிக்கும் வரை சற்று மந்தமாக இருப்பது வழக்கம்தான். முழுப் பொய்யாக இருந்தால் பிடித்திருப்பேன். பாதி உண்மை என்பதால், அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டு 412 பக்க நாவல் ஒன்றின் வேலையைத் தொடங்கிவிட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டிய நூல் அது.

பதினொரு நாள் அந்த வேலை முழுவதும் வெளி டிஸ்கிலேயே நடந்தது. பிறகுதான் இடம் நிறைய இருக்கிறதே என்று, உள் டிஸ்கில் கிடந்த பழைய புத்தகக் கோப்புகள் 140 ஜிபியை இரவோடு இரவாகப் புதியதற்கு நகலெடுக்கப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திரை உறைந்து கிடந்தது. அணைத்து மறுபடி இயக்கினால் வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட அந்தத் தடைச் சின்னம். ஆப்ஷன் விசையை அழுத்திப் பார்த்தால், மகள் பெயர் தாங்கிய ஆரஞ்சுப் படத்தையே காணோம். குறை சொல்லிக் குறை சொல்லி ஓரங்கட்டிய பழைய டிஸ்க் மட்டும் தன் வேகத்தில் விழித்துக்கொண்டது. பழைய கோப்புகள் அதில் பத்திரமாக இருந்தன. நாவல் இல்லை.

கடைக்குப் போனேன். அன்றிலிருந்து நான் 'அக்கா' இல்லை, 'மேடம்'.

முதல் முறை, "மேக்ல செக்யூரிட்டி சிப் இருக்கு மேடம், அதுதான் வெளி டிஸ்கை பிளாக் பண்ணியிருக்கும்" என்றார். அப்போது தலையாட்டிவிட்டேன், வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. அவர் சொன்ன பாதுகாப்புச் சில்லின் பெயர் டி2, அது மேக் மினியில் வந்தது 2018ஆம் ஆண்டு மாதிரியில்தான். என்னுடையதில் அது கிடையாது. இருந்திருந்தால் பதினொரு நாள் மட்டும் எப்படி அனுமதித்ததாம்? இரண்டாம் முறை, சப்ளையர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். திங்கட்கிழமை கடையில் இருந்த பையன், "அண்ணன் வெளிய போயிருக்காங்க" என்றான். அண்ணனின் வண்டி வாசலிலேயே நின்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழு செய்திகளுக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நான்காம் முறை டிஸ்கை வாங்கித் தன் மடிக்கணினியில் செருகி, "பாருங்க மேடம், ஒரு டெரா காட்டுதே. பொருள்ல ஒரு குறையும் இல்ல. ஃபார்மேட் பண்ணித் தரேன், 300 ரூபா ஆகும்" என்றார். 6,500 ரூபாய்க்கு மேல் இன்னும் 300!

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். அவனுடைய லினக்ஸ் மடிக்கணினியில் எஃப்3 என்ற இலவச மென்பொருளைக் கொண்டு சோதித்தான். சில நிமிடங்களில் விடை வந்துவிட்டது: டிஸ்கின் உண்மையான கொள்ளளவு 58 ஜிபி சொச்சம். பிறகு உறையைப் பிளந்தான். உள்ளே விரல் நகம் அளவு மெமரி கார்டு செருகிய சிறு பலகை ஒன்றும், கனத்துக்காகப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்றும் இருந்தன. எஸ்எஸ்டி என்று சொல்ல எதுவுமில்லை.

இந்த ஏமாற்று நடக்கும் விதத்தை அவன் விளக்கியபோதுதான், அந்த ஆரஞ்சுப் படம் என்னை எப்படி மயக்கியது என்று தெரிந்தது. டிஸ்கின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தன் கொள்ளளவாக எதைச் சொல்கிறதோ, அதைத்தான் கணினி நம்பித் திரையில் காட்டும். தானாக அளந்து பார்ப்பதில்லை. அந்தச் சில்லில் பொய்யை எழுதிவிட்டால், 64 ஜிபி கார்டும் ஒரு டெராவாகத் தெரியும். உண்மையான இடம் தீரும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். தீர்ந்த பிறகு வருவது காணாமல் போகும், அல்லது முன்பு எழுதியதன் தலைமேலேயே எழுதப்படும். இயங்குதளமும் இன்டிசைனும் என் நாவலும் சேர்ந்து 45 ஜிபிக்குள் அடங்கியிருந்ததால் பதினொரு நாள் தப்பித்தேன்; 140 ஜிபியைக் கொட்டிய இரவில், இயங்குதளத்தின் மேலும் நாவலின் மேலும் பழைய அட்டைப்படங்கள் போய் விழுந்திருக்கின்றன. கடையில் அவர் எத்தனை முறை பூட் செய்து காட்டியிருந்தாலும் இந்தக் குறை வெளியே தெரிந்திருக்காது.

நேற்று அந்தப் பலகையையும் இரும்புத் துண்டையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பிரிச்சுட்டீங்களே மேடம், இனி வாரண்டி கிடையாது. நாங்களும் வாங்கித்தானே விக்கிறோம், உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "தெரியாத பொருளைத்தான் என் கணினியில் பூட் செய்து காட்டினீர்களா தம்பி?" என்று கேட்டேன். அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார். 6,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

நாவலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெய்ப்புக்காகப் பதிப்பகத்துக்கு முதல் 230 பக்கங்களின் பிடிஎஃப் அனுப்பியிருந்தேன். அதிலிருந்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தமிழ் பிடிஎஃபிலிருந்து எழுத்தை நகலெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறி வரும். திருத்துவதைவிட மறுபடி அமைப்பது எளிது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வீட்டுத் தொழிலுக்கு வாங்கியது என்பதால் நான் நுகர்வோர் இல்லை என்றும் சொல்ல முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குபவரும் நுகர்வோரே.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது அதற்கு நேரமில்லை. அவசரமாகச் சில: டிஸ்கைச் செருகியதும் ஆப்ஷன் விசையோடு ஆப்பிள் மெனுவைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைப் பாருங்கள். நீல முனை இருந்தும் வேகம் பழைய யுஎஸ்பி 2.0இன் 480 மெகாபிட் என்று காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் டிஸ்க் அப்படித்தான் காட்டியிருக்கும், நான் பார்க்கவில்லை. ஒரு கோப்பைக்கூட நம்பி வைப்பதற்கு முன் எஃப்3 கொண்டு கொள்ளளவைச் சோதியுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. வெளி டிஸ்கில் வேலை செய்தாலும் அன்றைய கோப்பை அன்றே வேறோர் இடத்திலும் வையுங்கள்.

1915இல் கொடுத்த புகார் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இப்போது பழைய டிஸ்கில் இன்டிசைன் திறந்துகொண்டிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.