ஏற்காடு ரெண்டு நாள் டீச்சர்ஸ் ட்ரெய்னிங், போகலாமா?

பல மொழி, பல ஊரு புள்ளைங்க ஒண்ணா படிக்கிற கிளாஸ்ல எப்படி பாடம் நடத்துறதுன்னு ஏற்காட்டுல சனி ஞாயிறு ஒரு ட்ரெய்னிங் நடக்குதே, அது எப்படின்னு நம்ம டீச்சர்ஸ் நிறைய பேர் கேக்குறீங்க. போங்க, முதல் நாளுக்காகவே போகலாம்.

சேலத்துல நம்ம கிளாஸ்ல வீட்ல சௌராஷ்டிரா பேசுற புள்ள இருக்கு, தெலுங்கு பேசுற புள்ள இருக்கு, இப்ப செங்கல் சூளை, மில்லுன்னு வேலைக்கு வர்ற ஒடிசா, பீகார் குடும்பத்து புள்ளைங்க வேற. நான் பி.எட் படிச்சப்ப இதைப்பத்தி ஒருத்தரும் பேசுனதில்ல.

முதல் நாள், வேற பண்பாட்டு ஆளுங்களை நாம பாக்குற விதம் எப்படி படிப்படியா மாறுதுன்னு மில்டன் பென்னட்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1986ல சொன்ன ஆறு படியை எடுத்தாங்க. அடுத்தவங்க வித்தியாசம் கண்ணுலயே படாம இருக்கிறது முதல் படி, நாங்கதான் ஒசத்திங்கிறது ரெண்டாவது, எல்லாரும் ஒண்ணுதாங்கிறது மூணாவது, அதுக்கப்புறம்தான் வித்தியாசத்தை ஏத்துக்கிறதே வருது. இங்கதான் பெரிய வாக்குவாதம் ஆயிடுச்சு, ஏன்னா "எனக்கு எல்லா புள்ளையும் ஒண்ணுதான்"னு நாம பெருமையா சொல்றோம், அது பாதி வழிதான்னா கோவம் வராதா. ஒரு சீனியர் சார் எழுந்து, அப்ப பேதம் பாக்கச் சொல்றீங்களா மேடம்னே கேட்டுட்டார்.

ட்ரெய்னிங் நடத்துன மேடம் அதுக்கு ஆளுக்கொரு தாளைக் குடுத்து, உங்க கிளாஸ்ல ஒரு புள்ளைய நெனச்சுக்கோங்க, மொதல்ல கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க, அப்புறம் என்னென்ன காரணமா இருக்கலாம்னு எழுதுங்க, உங்க அபிப்பிராயம் கடைசிலதான்னாங்க. அந்த சார் ஒரு ஒடிசா பையனைப் பத்தி "போர்டுல இருக்கிறத எழுத மாட்டான், சோம்பேறி"ன்னு எழுதியிருந்தார். சோம்பேறிய அடிச்சிடுங்க சார்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சு, பக்கத்து பையன் நோட்டைப் பாத்து எழுதுறான், வாய்க்கணக்கு கேட்டா விரல்ல காட்டுறான்னு அவரே எழுதுறார்! வயசுக்கேத்த வகுப்புன்னு கல்வி உரிமைச் சட்டப்படி அஞ்சாவதுல சேத்தாச்சு, அவனுக்கு தமிழ் எழுத்தே புதுசு, அதே சட்டம் சொல்ற சிறப்புப் பயிற்சி கிடைச்சுதான்னு யாரும் பாக்கல. இந்தில சொல்லிக் குடுப்பான்னு ஒரு பீகார் பையனை பக்கத்துல ஒக்கார வச்சிருக்காங்க, ஒடியா பேசுற புள்ளைக்கு இந்தி தெரியும்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம். எனக்கு இந்த ஒரு பயிற்சிக்கே குடுத்த பீஸ் சரியாப் போச்சு.

ரெண்டாவது நாள் சுத்தமா வேஸ்ட். எந்த மாநிலத்துல என்ன டிரஸ், என்ன டான்ஸ்னு மத்தியானம் வரைக்கும் பவர்பாயின்ட் ஸ்லைடு. சூளை சீசன் முடிஞ்சு குடும்பமே கிளம்பிட்டா அந்த புள்ளையோட படிப்பு என்னாகும், ரிஜிஸ்டர்ல என்ன எழுதுறது, அதைப்பத்தி பேச்சே இல்ல. ஏற்காட்டுல ஒக்காந்துகிட்டு, சுத்தி இருக்கிற மலையாளி பழங்குடி புள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைங்கிறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அந்த புள்ளைங்க தங்கிப் படிக்கிற உண்டு உறைவிடப் பள்ளில வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க எங்க கூடவே இருந்தாங்க, அவங்க கைல மைக்கை குடுத்திருந்தாலே போதும்.

ரூம் சுத்தம், சாப்பாடு நல்லா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 20 கொண்டை ஊசி வளைவும் வண்டியா நிக்கும், கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடுங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டாவது நாள் என்ன நடத்தப் போறீங்கன்னு போன் பண்ணி கேளுங்க, நாலு பேர் கேட்டாத்தான் மாத்துவாங்க.