அம்மாவின் வால்வு: நெஞ்சைத் திறப்பதா, தொடை வழியாகப் போவதா?

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கிய வயதானவர்களுக்கு வழி இரண்டு. நெஞ்சைத் திறந்து மாற்றலாம். அல்லது தொடை ரத்தக்குழாய் வழியே கத்தீட்டரில் புது வால்வைக் கொண்டுபோய் விரிக்கலாம். இரண்டாவதுதான் டாவி. எண்பதைத் தாண்டிய, முன்பே பைபாஸ் செய்துகொண்ட அம்மாவுக்கு நாங்கள் டாவியைத்தான் கேட்டோம்.

உயிர்ப் பிழைப்புக் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியவில்லை. ஆபரேஷனில் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த பார்ட்னர் ஆய்வில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் டாவியில் 24.2 சதவீதம், ஆபரேஷனில் 26.8. ஏறக்குறைய சமம்தான். ஆபரேஷனே தாங்காது என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் மட்டும் வித்தியாசம் பெரிது: டாவியில் 30.7, வழக்கமான சிகிச்சையில் 50.7.

எங்களுக்கு முடிவைச் சொன்னது அம்மாவின் முட்டி. நெஞ்செலும்பை அறுத்தால் கம்பியால் கட்டி மூடுவார்கள். அது கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக்கூடாது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை. கட்டிலோ நாற்காலியோ கழிவறையோ, கையை ஊன்றாமல் அவரால் எழவே முடியாது. ஒவ்வொரு முறையும் ஆள் பிடித்துத் தூக்க வேண்டும், இல்லையென்றால் படுத்தே கிடக்க வேண்டும். அந்த வயதில் படுக்கையில் கிடந்தால் கால் சதை மளமளவென்று கரையும், நெஞ்சில் சளி கட்டும். வால்வு நன்றாக வேலை செய்தும் ஆள் எழுந்து நடக்காவிட்டால் என்ன பயன்? டாவிக்குப் பிறகு மறுநாளே கையை ஊன்றி எழுந்து நடந்தார்.

ஆபரேஷனுக்கும் நியாயம் உண்டு. கால்சியம் படிந்த வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள். டாவியில் பழையது சுவரோடு நசுங்கி அங்கேயே இருக்கும். ஓரத்தில் கசியலாம், பக்கத்தில் இதயத் துடிப்பை நடத்தும் மின்பாதை அழுந்தி பேஸ்மேக்கர் தேவைப்படலாம். தானாக விரியும் கோர்வால்வ் வகையின் ஆய்வில் 30 நாளில் 19.8 சதவீதம் பேருக்கு அது தேவைப்பட்டது, ஆபரேஷனில் 7.1. அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. செலவிலும் ஆபரேஷன்தான் மலிவு.

அறுபதுகளில் திடமாக இருப்பவருக்கு இதையே சொல்லத் தயங்குவேன். பத்து வருடம் தாண்டி வால்வு எப்படி உழைக்கும் என்பதற்கு எங்கள் வீட்டு அனுபவம் போதாது. சி.டி. ஸ்கேனில் தொடைக்குழாய் குறுகலாகத் தெரிந்தால் வேறு வழியில் நுழைய வேண்டியிருக்கும். அப்போது நான் சொன்ன சுலபமும் குறையும். அந்த ரிப்போர்ட் வந்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.