கிராண்டா, ஐசனாவரா: யாரை முதலில் படிக்கலாம்?

தளபதியாக இருந்து அமெரிக்க அதிபரானவர்களைப் படிக்க நினைத்தால் கடைசியில் இந்த இருவரிடம்தான் தயங்கி நிற்போம். இருவரும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்கள். அதிபராகும் முன் வேறு தேர்தல் எதிலும் வென்றதில்லை.

போர்க்களம்
கிராண்ட்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் தளபதி லீயை 1865-இல் சரணடைய வைத்தவர்.
ஐசனாவர்: இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கிய 1944 ஜூன் தாக்குதலின் தலைமைத் தளபதி. தோற்றால் பழி தன்னுடையதே என்று முன்கூட்டியே சீட்டு எழுதி வைத்தார். பதற்றமோ என்னவோ, ஜூனுக்குப் பதில் ஜூலை என்று தேதி போட்டுவிட்டார்!

ஆட்சி
கிராண்ட் (1869–77): கறுப்பினத்தவரைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானை ஒடுக்கினார். ஆனால் விஸ்கி வரி ஊழலில் அவருடைய செயலாளர் பெயரே அடிபட்டது.
ஐசனாவர் (1953–61): கொரியப் போர்நிறுத்தம், 1956 நெடுஞ்சாலைச் சட்டம். விடைபெறும்போது ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோப்பதைப் பற்றி எச்சரித்தார். ஒரு ஜெனரல் சொன்னதால்தான் அதற்கு அத்தனை எடை.

ஓய்வுக்காலம்
ஐசனாவர்: கெட்டிஸ்பர்க் பண்ணை, கோல்ஃப்.
கிராண்ட்: 1884-இல் தொழில் கூட்டாளியின் மோசடியால் ஓட்டாண்டி. தொண்டைப் புற்றுநோயோடு தன் நினைவுகளை எழுதி முடித்த சில நாளில் இறந்தார். குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தப் புத்தக வருமானம்தான்.

நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஐசனாவர். விழுந்து எழும் மனிதரைப் பார்க்க கிராண்ட். என் ஓட்டு கிராண்டுக்கு.