லினக்ஸுக்குள் வந்த வழியும் அங்கேயே தங்கிய காரணமும்

விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பயன்படுத்துகிற இருவர் பேசத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் "நீங்க முதல்ல எதுல ஆரம்பிச்சீங்க?" என்ற கேள்வி வந்துவிடும். லினக்ஸ் பல பெயர்களில், பல தொகுப்புகளாக (டிஸ்ட்ரோ) கிடைப்பதால், பதிலை வைத்தே அவர் எந்தக் காலத்தில் உள்ளே வந்தவர் என்று சொல்லிவிடலாம். ஸ்லாக்வேர் என்றால் 90களில் பிளாப்பி பிளாப்பியாகப் போட்டு நிறுவியவர். ரெட் ஹேட் என்றால் கணினிப் பத்திரிகையோடு வந்த சிடியில் தொடங்கியவராக இருக்கலாம். நாப்பிக்ஸ் என்றால் யாரோ எழுதிக் கொடுத்த ஒற்றை சிடி. உபுண்டு என்றால் 2004க்குப் பிறகு வந்தவர். அதிலும் பழையவர் என்றால் தபாலில் இலவசமாக வந்த சிடியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். மின்ட் என்பவர்களில் நிறையப் பேர் விண்டோஸ் எக்ஸ்பிக்கோ விண்டோஸ் 7க்கோ ஆதரவு முடிந்தபோது வந்தவர்கள். இப்போது லினக்ஸில் ஓடும் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் கேம் விளையாடிவிட்டு, அதன் டெஸ்க்டாப் பக்கம் எட்டிப் பார்த்து, அப்படியே வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

நான் உபுண்டுக் காலத்து ஆள். 2007 இறுதியில் தொட்டது, இன்றுவரை அன்றாட வேலை லினக்ஸில்தான். சுற்றியிருக்கிற பலருக்கும் நிறுவிக் கொடுத்திருக்கிறேன். சிலர் ஒரே மாதத்தில் திரும்பிப் போனார்கள், சிலர் இன்னும் அதிலேயே இருக்கிறார்கள். இத்தனை காலம் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உள்ளே வருவதற்கு ஆளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. தங்குவதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கோளாறு வந்தால் அதன் காரணத்தை நாமே பார்க்க முடிகிறது. அது பிடித்துப்போனவர்கள் தங்கிவிட்டார்கள். காசு கொடுக்க வேண்டாம் என்பதற்காக மட்டும் வந்தவர்கள் அதிகம் தங்கவில்லை.

என்னுடைய முதல் பயன்பாடு நிறுவல்கூட இல்லை, மீட்பு வேலை. ஒரு கணினியில் விண்டோஸின் சிஸ்டம் கோப்பு ஒன்று காணாமல் போய், கறுப்புத் திரையில் ஒரு வரிப் பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. உள்ளே படங்களும் வேலைக் கோப்புகளும் மாட்டிக்கொண்டிருந்தன. நண்பர் ஒருவர் உபுண்டு சிடியைக் கொடுத்து, "இதைப் போட்டு பூட் பண்ணுங்க, ஹார்ட் டிஸ்க்கை ஒண்ணும் செய்யாது" என்றார். சிடி டிரைவ் வெகுநேரம் கரகரவென்று சுற்றியது. அப்புறம் பழுப்பு நிறத் திரை வந்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேல் பட்டையில் அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம் என்று மூன்று மெனு. பிளேசஸ் வழியாகப் போனால் விண்டோஸ் இருந்த டிஸ்க் அங்கே தெரிகிறது. திறந்தால் எல்லாக் கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி எல்லாவற்றையும் அதற்கு நகலெடுத்தேன். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயர்பாக்ஸைத் திறந்து இணையம் பார்க்க முடிந்தது. கணினியில் எதுவும் நிறுவப்படவில்லை, எல்லாம் சிடியிலிருந்தும் நினைவகத்திலிருந்தும் ஓடுகிறது என்பதை நம்பவே சற்று நேரம் பிடித்தது.

லைவ் சிடி என்ற இந்த ஏற்பாடுதான் சாதாரணப் பயனர்களை உள்ளே கொண்டுவந்தது என்று உறுதியாக நினைக்கிறேன். 2000இல் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இதைப் பரவலாக்கியது. அதற்கு முன்னால் லினக்ஸைப் பார்க்க வேண்டும் என்றாலே ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரித்தாக வேண்டும். பார்ட்டிஷன் என்றால் என்ன என்று தெரியாதவர் அந்தப் பக்கமே போகமாட்டார். அதற்கும் முந்தைய தலைமுறை வேறு வகை. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதுவதாகவும் அது வெறும் பொழுதுபோக்குதான் என்றும் அறிவித்தபோது, அதை எடுத்துப் பார்த்தவர்கள் ஏற்கெனவே மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை வைத்திருந்த, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரில் பழக்கம் உள்ளவர்கள். 1983இலேயே ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவிகள், லினஸ் எழுதிய கெர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, சேர்ந்தன. 1992இல் கெர்னல், யாரும் மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. 1993இல் ஸ்லாக்வேரும் டெபியனும் பிறந்தன. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான், ஒரு சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடலாம் என்ற நிலைமை வந்தது. உபுண்டு சிடிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பிய திட்டம் 2011வரை நடந்தது. இணைய வேகம் குறைவாக இருந்தவர்களுக்கு ஒரு முழு சிடியைத் தரவிறக்குவதே ராத்திரி முழுக்க ஓடும் வேலை என்பதால், அந்தத் தபால் உறைக்கு இருந்த மதிப்பு இப்போது புதிதாக வருபவர்களுக்குப் புரியாது.

கோப்புகளை மீட்டதோடு பலர் நின்றுவிடுவார்கள். எனக்கு ஆர்வம் விடவில்லை. சில மாதங்களில் என் லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டுவையும் நிறுவினேன். நிறுவல் சுலபமாக முடிந்தது, ஆனால் வைஃபை இல்லை. அந்தக் காலத்தில் உள்ளே வந்த பாதிப்பேருக்கு முதல் சோதனை இதுவாகத்தான் இருந்திருக்கும். நெட்வொர்க் ஐகானைச் சொடுக்கினால் வயர்லெஸ் என்ற வரியே வராது.

இங்கேதான் எனக்கு லினக்ஸ் பிடித்துப்போனது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையைக் கொடுத்தால், போர்டில் என்னென்ன சிப் இருக்கிறது என்று வரிவரியாகச் சொன்னது. வைஃபை சிப்பின் பெயரும் மாடல் எண்ணும் அதில் இருந்தன. அடுத்து டிமெசேஜ் (dmesg) கட்டளை. கெர்னல் பூட் ஆகும்போது பேசிய அத்தனையும் ஓடியது. அதில் தேடினால் ஒரு வரி: இந்த டிரைவருக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று, கோப்பின் பெயரோடு. ஆக டிரைவர் இருக்கிறது, சிப்பும் நன்றாக இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சின்னக் கோப்பு ஒன்றுதான் இல்லை. அதை மறுவிநியோகம் செய்யத் தயாரிப்பாளர் அனுமதி தராததால் சிடியில் சேர்க்கவில்லை. இணையக் கேபிளைச் செருகி, தயாரிப்பாளரின் டிரைவரிலிருந்து அந்தக் கோப்பைப் பிரித்தெடுக்கும் சிறு மென்பொருளை நிறுவி, ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை விளக்கு எரிந்தது. "ஏதோ பிழை நேர்ந்துவிட்டது, நிர்வாகியை அணுகவும்" என்ற செய்தியையே பார்த்துப் பழகியவனுக்கு, எது இல்லை என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு இயங்குதளம் பெரிய விஷயமாக இருந்தது.

இன்று இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. டெபியன் நீண்டகாலம், கட்டற்ற மென்பொருள் மட்டுமே என்ற கொள்கைக்காக இந்த ஃபர்ம்வேர் கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவை மாற்றினார்கள், 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து சேர்ந்தே வருகின்றன. கொள்கைப்பிடிப்பு உள்ளவர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது நியாயம்தான். ஆனால் முதல் நாளே இணையம் இல்லாமல் நிற்கும் புதியவரை நேரில் பார்த்தவன் என்ற முறையில் நான் அந்த மாற்றத்தின் பக்கம்.

எம்பி3 கதையும் இதே வகை. நிறுவிய முதல் நாள் பாட்டுக் கோப்பைச் சொடுக்கினால் பாடாது, தனியாக ஒரு தொகுப்பை நிறுவ வேண்டும். காப்புரிமைச் சிக்கல். 2017இல் அந்தக் காப்புரிமைகள் காலாவதியானதோடு அது தீர்ந்தது.

மென்பொருள் நிறுவும் முறை என் பழக்கத்தையே மாற்றியது. முன்பெல்லாம் எதையாவது நிறுவ வேண்டும் என்றால் தளம் தளமாகத் தேடி, எந்தத் தரவிறக்கப் பொத்தான் உண்மையானது என்று யோசித்து, அடுத்து அடுத்து என்று சொடுக்கி, கூடவே வேண்டாத டூல்பார் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வருவோம். இங்கே சினாப்டிக் என்ற ஒரே சாளரம். தேடு, குறித்து வை, அப்ளை. எல்லாம் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வரும். அப்டேட்டும் ஒரே இடத்தில், கெர்னலில் இருந்து கால்குலேட்டர்வரை. செல்பேசிக்காரர்களுக்கு இது இப்போது சாதாரணம், அன்றைக்கு அப்படி இல்லை. தமிழ் எழுதுவதற்கும் இதே வழிதான். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் என்று எது பழக்கமோ அது கிடைக்கும். இந்தக் கட்டுரையும் அதில்தான் தட்டச்சானது.

எல்லாக் காலமும் நன்றாக ஓடவில்லை. 2011இல், உபுண்டு பயன்படுத்திய டெஸ்க்டாப்பான க்னோமின் புதிய பதிப்பு க்னோம் 3 வந்தது, உபுண்டுவோ யூனிட்டி என்ற வேறு டெஸ்க்டாப்புக்கு மாறியது. பழகிய இரண்டு பட்டைகளும் ஒரே அப்டேட்டில் போய்விட்டன. நான் நிறுவிக் கொடுத்தவர்களில் சிலர் அந்த வருடம்தான் விண்டோஸுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலமாரி, கட்டில் எல்லாம் வேறு அறையில் கிடப்பதுபோல் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் மூல நிரல் திறந்திருந்ததால் பழைய க்னோம் 2ஐ எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர ஆள் வந்தார்கள். மின்ட் குழு சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கியது. நான் எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்குப் போனேன், பிறகு உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு. சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனைத் தனியாக வைத்திருந்ததால் டிஸ்ட்ரோ மாறியபோது என் கோப்புகளும் அமைப்புகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. நிறுவும்போது அதற்காகச் செலவிட்ட ஐந்து நிமிடத்துக்கு இன்றுவரை பலன் கிடைக்கிறது. உபுண்டுவும் 17.10இல் க்னோமுக்கே திரும்பிவிட்டது.

இன்னும் சரிப்படாதவற்றையும் சொல்லியாக வேண்டும். அடோபி மென்பொருள்களை நம்பித் தொழில் செய்பவரை நான் மாறச் சொல்வதில்லை. கிம்ப், கிருத்தா, இங்க்ஸ்கேப் எல்லாம் நல்ல கருவிகள், ஆனால் அச்சகத்துக்கு அடுத்தவர் அனுப்பும் கோப்பை அப்படியே திறந்து திருத்த வேண்டியவருக்கு அவை மாற்று ஆகாது. மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளும் லிப்ரே ஆபீசில் தடுமாறும். கேம்களில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் நிலைமையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. இருந்தாலும் கெர்னல் மட்டத்தில் ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் சில ஆன்லைன் கேம்கள் ஓடாது. சில லேப்டாப்களில் விரல்ரேகை வருடிக்கு டிரைவரே கிடையாது.

இப்போது புது அலை ஒன்று வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இயங்குதளத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள் என்பதுதான். விண்டோஸிலேயே பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி என்று ஒவ்வொன்றாக மாறி ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். அது ஒத்துவந்தால் லினக்ஸுக்கு மாறும் நாளில் புதிதாகப் பழக வேண்டியது கொஞ்சம்தான் இருக்கும். மாறியும் திரும்பிப் போனவர்களை விசாரித்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

அடுத்து மின்டை ஒரு பென்டிரைவில் எழுதி லைவாக பூட் செய்யச் சொல்வேன். வெறுமனே அழகு பார்ப்பதற்கு அல்ல. வைஃபை பிடிக்கிறதா, ஹெட்போன் செருகினால் ஒலி மாறுகிறதா, கேமரா தெரிகிறதா, வெளித் திரை வேலை செய்கிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, மூடியை மூடித் தூங்கவிட்டுத் திறந்தால் சரியாக எழுகிறதா என்பது. இதைப் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை, நிறுவிய பிறகு வரும் புகார்களில் இதுவே முதலில் வருகிறது. எல்லாம் சரியாக இருந்தால் கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு நிறுவலாம். முதல் ஆறு மாதம் வேறு டிஸ்ட்ரோ பக்கம் போக வேண்டாம். ஏதாவது கோளாறு வந்தால் மீண்டும் நிறுவுவதற்கு முன்னால், பிழைச் செய்தியின் அந்த ஒரு வரியை அப்படியே எடுத்துத் தேடிப் பாருங்கள். அதே வரியோடு முட்டிய ஒருவர் ஏற்கெனவே விடை எழுதி வைத்திருப்பார்.

என் முதன்மை லேப்டாப்பில் இப்போது டெபியன் 13. பழைய 32 பிட் நெட்புக் ஒன்றும் இருக்கிறது. 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவலை நிறுத்திவிட்டார்கள், அதனால் அதை 12இலேயே வைத்திருக்கிறேன். பாட்டுக் கேட்கவும் பேக்கப் எடுக்கவும் இன்னும் அதுதான்.